வரவு 60, செலவு 5000

மாங்காடு காமாட்சி அம்மனைக் கும்பிட்ட கையோடு ஒரு மியூசிக் சிஸ்டமும் வாங்கிடலாம் என்று கடைக்குள் நுழைகிறீர்களா? ஒரு நிமிஷம். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் '5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருந்தால் மயங்கிவிடாதீர்கள். செட்டைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். அது இழுக்கும் கரன்ட் 60, 70 வாட்ஸ் என்றிருக்கும். வரவு 60, செலவு 5000! பி.காம். முதல் வருஷப் பையன்கூட இந்தக் கணக்கில் கையெழுத்துப் போடமாட்டான். உங்கள் ஹாலில் இருக்கும் 5 ஆம்பியர் ப்ளக்கே 230 வோல்ட்டில் 1150 வாட்ஸ்தான் தாங்கும். மீதியை அம்பாளா தருகிறாள்?

பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்காத உச்சம். அதை அளக்கப் பொதுவான விதி கிடையாது. கம்பெனி வைத்ததுதான் கணக்கு. தொடர்ந்து தரக்கூடிய சக்திதான் ஆர்.எம்.எஸ். வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு வாட்ஸ் சொல்லி விளம்பரம் செய்தால் இந்தத் தொடர் சக்தியைச் சொல்லியாகணும் என்று அமெரிக்காவில் 1974-லேயே விதி போட்டுவிட்டார்கள். நாமோ, கத்திரிக்காயில் 50 கிராம் குறைந்தால் சண்டைக்குப் போவோம். வாட்ஸில் 4900 குறைந்தால் சிரித்துக்கொண்டே பில் கட்டுவோம்.

இத்தனைக்கும், வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடும் சத்தம் வெறும் 3 டெசிபல். பத்துக்குப் பத்து ரூமுக்கு நிஜமான 20 வாட்ஸே தாராளம்.

"ஆர்.எம்.எஸ். எவ்வளவுங்க?" என்று கேளுங்கள். முழித்தால், உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.