வானலைக்கும் வாய்க்கால் நீதி வேண்டும்

இரணைமடுவில் நீர் குறைந்த ஆண்டுகளிற் சிறுபோகத்துக்கு முன்னர் விவசாயிகள் கூடுகின்றனர். விதைக்கத்தக்க ஏக்கர் எத்தனையெனத் தீர்மானித்துப் பங்கிட்டுக்கொள்கின்றனர். துருசுக்கு அருகிற் காணியுடையவன் நீர் முழுவதையும் எடுத்துக்கொள்ள அக்கூட்டம் இசைவதில்லை. மண்ணில் ஓடும் நீருக்குள்ள இந்நீதி வானில் ஓடும் அலைக்கு ஏன் இருத்தலாகாது?

வானலை பொதுச்சொத்து. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, கொழும்பிலுள்ள ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவே அதனைக் கம்பனிகளுக்கு ஒதுக்குகின்றது. அலைவரிசைகளோ அளவில் அடங்கியவை. ஆதலாற் பங்கீடு தவிர்க்கவொண்ணாதது. எந்நெறியிற் பங்கிடுவது என்பதே வினா.

கோபுரமொன்று கண்டி வீதியோரப் பட்டினத்துக்கு வினாடிக்கு 20 மெகாபிட்டும், காடு கடந்த கிராமத்துக்கு 2 மெகாபிட்டும் அனுப்பவல்லது என வைத்துக்கொள்வோம். மொத்தத்தை மிகுவிப்பதே குறிக்கோளாயின், நேரம் முழுவதும் பட்டினத்துக்கே போகும்: அதற்கு 20, கிராமத்துக்குச் சுழியம்! நேரத்தைச் சமமாகப் பகிர்ந்தால் பட்டினத்துக்கு 10, கிராமத்துக்கு 1. இருவர்க்கும் ஒரே வேகம் வேண்டுமென நாம் பிடிவாதம் பிடிக்கவில்லை. அது பட்டினத்தையும் 2க்குக் கீழே இறக்கிவிடும். கிராமத்தின் பங்கு சுழியமாதல் கூடாதென்றே கூறுகின்றோம்.

தூரத்துக்கு எட்டாது என்னும் சாக்கும் இன்று தேய்ந்துவிட்டது. தன் கதிரின் திசையையும் வடிவையும் கணப்பொழுதில் மாற்றவல்ல அன்ரெனாக்கள் வந்துள்ளன. கதிரைக் குவித்துக் கிராமத்தின் பக்கம் திருப்பினால் அங்கு வேகம் உயரும். வெவ்வேறு திசைகளிலுள்ள இரு கூட்டத்தார் ஒரே அலைவரிசையை ஒரே வேளையிற் பயன்படுத்தவும் இயலும். ஆயினும் திரும்பவல்ல கருவி தானாக நீதியின் பக்கம் திரும்புவதில்லை. அதற்கு எழுதப்பட்ட விதியின் பக்கமே திரும்பும். இலாபம் ஒன்றே விதியாயின், புதிய அன்ரெனாவும் கண்டி வீதியையே நோக்கி நிற்கும்!

வன்னியில் மக்கள் குறைவு, வருவாய் குறைவு என்பர். அப்படியாயின் ஊவாவின் மலைக்கிராமங்களில் 2021இல் மாணவர் இணையவழிப் பாடத்துக்காகப் பாறையேறியதும் முறைதானோ? தமிழ்க் கிராமமாயினும் சிங்களக் கிராமமாயினும் ஒதுக்குப்புறத்தானின் துன்பம் ஒன்றே. ஆனால் 2009 வரை போரில் நொந்து, அதன்பின் வெறுங்கையுடன் எழுந்த மண்ணுக்கு இப்புறக்கணிப்பு இரட்டைச் சுமையாகும்.

ஆணைக்குழு செய்யவேண்டியது யாது? ஒட்டுசுட்டான், துணுக்காய், வவுனியா வடக்கு போன்ற பிரதேச செயலகப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச வேகத்தை அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனையாக எழுதுக! கிடைத்த வேகத்தைப் பிரிவுவாரியாக அளந்து, தமிழிலும் வெளியிடுக! நிபந்தனையை மீறுவோரிடமிருந்து அலைவரிசையை மீளப் பெறுக!

துருசின் திறப்பைக் கம்பனியிடம் கொடுத்துவிட்டு வாய்க்காலின் கடைசியில் நிற்பவனைப் பொறுத்திருக்கச் சொல்வது ஆட்சியாகாது. திறப்பு மக்களுடையது, கேட்டுப் பெறுவோம்.