தோற்றுக் கற்பித்த துணைவன்

வீரர் கதைகளை விரும்புவோர் வீரனைப் போற்றுவர். அவனுக்குக் கலை கற்பித்த ஆசானையும் போற்றுவர். பயிற்சிக்குத் துணைநின்ற எளியோரை நினைப்பவர் சிலரே. அத்துணைவர் நகைப்பூட்டுபவராகவும் இருப்பின், அவரை ஒரு பொருட்டாகவே கொள்ளார். இது முறையன்று.

ஜப்பான் நாட்டு ஓவியர் அகிரா தொரியாமா 1984 முதல் 1995 வரை வரைந்த படக்கதை 'டிராகன் பால்'. அதன் பிற்பகுதி, 1989 இல் 'டிராகன் பால் இசட்' என்னும் பெயருடன் தொலைக்காட்சியில் அசையும் ஓவியத் தொடராக வரத் தொடங்கியது. அதில் கோகு என்னும் வீரன் போரில் உயிர் துறந்து, மறுவுலகில் கயோ என்னும் ஆசானை நாடிச் செல்கிறான். கயோ வாழும் கோள் மிகச் சிறியது. ஆயினும் அதன் ஈர்ப்பாற்றல் நம் நிலவுலகினதைப் போலப் பத்து மடங்கு. அங்கே நடப்பதற்கே கோகு அல்லலுறுகிறான். பபிள்ஸ் என்னும் குரங்கைத் துரத்திப் பிடிப்பதே அவனுக்கு முதற்பயிற்சி. பறந்து திரியும் கிரிகரி என்னும் சுவர்க்கோழியைக் கனத்த சம்மட்டியால் அடிப்பது அடுத்த பயிற்சி.

கிரிகரி மூலக்கதையில் இல்லை. தொலைக்காட்சித் தொடருக்கெனப் படைக்கப்பட்டது. ஆதலின், அது கதையை நீட்டுவதற்காகப் புகுத்திய வெறும் வேடிக்கை என்பர் சிலர். கிரிகரி இல்லாமலே மூலக்கதையில் கோகு வலிமை பெறுகிறான் என்பதும் உண்மையே.

ஆயினும், அச்சிறு பூச்சியின் பணி எத்தகையது என எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது தன் முழு விரைவுடன் பறத்தல் வேண்டும். இரக்கம் கொண்டு விரைவைக் குறைத்தால் மாணவன் ஒன்றும் கற்கமாட்டான். ஒருநாள் அது அடிபட்டே ஆதலும் வேண்டும். இன்றேல் பயிற்சி முற்றுப்பெறாது. தன் திறமை முழுவதையும் காட்டி, இறுதியில் தோற்பதே அதன் தொண்டு. சம்மட்டி அதன்மேல் விழும்போது காண்போர் நகைக்கின்றனர். அந்த அடியோ, மாணவன் தேறிவிட்டான் என்பதற்குச் சான்றாகும்.

இத்தகைய துணைவர் கதையில் மட்டுமா உளர்? மற்போர் வீரனுடன் நாள்தோறும் மோதி வீழ்பவர் உளர். ஆட்டக்காரன் அடித்துப் பழகுவதற்காகப் பந்து எறிபவர் உளர். பரிசு பெறுவோர் வரிசையில் அவர்தம் பெயர் இடம்பெறுவதில்லை. அவரின்றிப் பரிசும் இல்லை.

தன்னை மாணவன் வெல்லும் நாளை எதிர்நோக்கி உழைப்பவன், உருவில் சிறியவனாயினும் ஆசானே. அவனைக் கண்டு சிரித்தல் குற்றமன்று. சிரித்தபின் மறந்துவிடுதலே குற்றம்.