லோடு கையில் இல்லாமல் லாரி எதற்கு?

"எத்தனை நாளைக்கு அடுத்தவன் வண்டியையே ஓட்டுவே? சொந்தமா ஒரு வண்டி போடு, நீயும் முதலாளி ஆயிடலாம்." மத்திகிரி கூட்ரோட்டிலிருந்து ஓசூர் சிப்காட் வரை, ஐந்தாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்த எந்த டிரைவரையும் இந்தப் பேச்சு விட்டதில்லை. மாமனார் சொல்கிறார், புக்கிங் ஆபீஸ்காரர் சொல்கிறார், ஃபைனான்ஸ் ஏஜென்ட் வீடு தேடி வந்து சொல்கிறார். வண்டி நன்றாக ஓட்டத் தெரிந்து, முன்பணத்துக்கு இரண்டு லட்சம் சேர்ந்து, கடனும் பாஸ் ஆகிவிட்டால் அதுதான் நேரம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. நல்ல டிரைவர்களை அது கடனாளிகளாக்குகிறது. சொந்த வண்டிக்கு நேரம் வந்துவிட்டதா என்பதை லோடும் கையிருப்பும்தான் சொல்ல முடியும். மற்ற எதுவும் சொல்லாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து லட்சத்துக்குப் பழைய பத்துச் சக்கர வண்டி ஒன்று. கையிலிருந்து இரண்டு லட்சம், கடன் எட்டு லட்சம், நான்கு வருஷத் தவணை. ஏஜென்ட் "ஒன்பது சதவீதம்தான் வட்டி" என்கிறார். அவர் சொல்வது ஃபிளாட் வட்டி. அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு எட்டு லட்சத்துக்கும் வட்டி ஓடும். நான்கு வருஷத்துக்கு வட்டி மட்டும் 2 லட்சத்து 88 ஆயிரம், மாத டியூ 22,667 ரூபாய். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்ற முறையில் பார்த்தால் இது ஏறத்தாழ 16 சதவீதம். ஒன்பது என்று காதில் விழுந்ததற்கும் பதினாறு என்று கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் கையெழுத்துப் போடும் மேஜையில் யாருக்கும் விளக்கப்படுவதில்லை.

டியூவோடு முடிவதில்லை. 20 முதல் 40 டன் வரையுள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும், 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, வருஷத்துக்கு 43,950 ரூபாய். கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டிப் போக நேஷனல் பெர்மிட் வேண்டும். அதற்கு வருஷம் 16,500. இந்த மூன்றை மட்டும் கூட்டினாலே மாதம் 27,700 ரூபாய் ஆகிறது. சக்கரம் உருளாமல் நிற்கும் நாளிலும் 900 ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. காலாண்டு வரி, எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று), டயர், வேலை எதையும் இதில் சேர்க்கவில்லை. ஓட்டுகிற தனக்கு ஒரு சம்பளம் என்றும் சேர்க்கவில்லை. பெரும்பாலான புது ஓனர்கள் அதைச் சேர்ப்பதே இல்லை. தன் கூலியையே லாபம் என்று எண்ணிக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டுகிறார்கள். அப்புறம் இன்ஜின் வேலை வந்து நிற்கும்போதுதான் உண்மை தெரிகிறது.

சரி, வரவு யார் கையில் இருக்கிறது? ஓசூர்ப் பகுதியில் பெரிய கம்பெனி தன் சரக்கைப் பெரும்பாலும் டிரான்ஸ்போர்ட் கான்ட்ராக்டரிடம் கொடுக்கிறது. கான்ட்ராக்டர் ஒற்றை வண்டிக்காரர்களை அட்டாச் செய்துகொள்கிறார். கம்பெனி என்ன வாடகை கொடுக்கிறது என்று வண்டிக்காரருக்குத் தெரியாது. கேட்டில் ஒரு ராத்திரி நின்றால் ஹால்டிங் (காத்திருப்புக் கூலி) கிடைக்குமா என்பதும் அவர் கையில் இல்லை. பாக்கி வாடகை மாதக் கணக்கில் இழுக்கும். டீசல் பங்க்கிலும் டோல்கேட்டிலும் மட்டும் அன்றைக்கே காசு. மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்தின் பில்லை 45 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தவறினால் கூட்டு வட்டி. உத்யம் பதிவும் தன் பெயரில் பில்லும் வைத்திருப்பவர் இதைக் கேட்க முடியும். துண்டுச் சீட்டில் நடை ஓட்டுபவர் எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பார்?

ஓவர்லோடையும் பாருங்கள். 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இதற்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. டிரைவராக இருந்தபோது "ஓனர் பார்த்துக்குவார்" என்று போன் போட முடிந்தது. இப்போது ஓனர் இவரே. கூட ரெண்டு டன் ஏற்றினால்தான் லோடு என்கிற புரோக்கரிடம் முடியாது என்று சொல்ல, அந்த மாத டியூ இவரை விடாது. அடுத்தவரிடம் சம்பளத்துக்கு இருந்தபோது சொல்ல முடிந்த 'முடியாது' என்ற சொல், 'முதலாளி' ஆனபின் வாயில் வருவதில்லை. இதையா சுதந்திரம் என்கிறோம்?

சந்தை ஒருமுறை திரும்பினால் என்ன ஆகும் என்பதை ஓசூர் கண்ணால் பார்த்திருக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்ஸில் லோடு வரம்பை உயர்த்தியது. பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. நாட்டிலிருந்த சரக்கு அதே அளவுதான். அதைத் தூக்கும் திறன் மட்டும் கூடிவிட்டது. கூடவே பொருளாதார மந்தம், கடன் நெருக்கடி. லாரிகளுக்கு லோடு கிடைக்கவில்லை, புது லாரி வாங்க ஆளில்லை. 2019 செப்டம்பரில் அசோக் லேலண்ட் தன் ஓசூர் ஆலைகளுக்கு ஐந்து நாள் வேலையில்லா நாள் அறிவித்தது. அதற்கு உதிரிபாகம் செய்யும் சுற்றுவட்டாரப் பட்டறைகளின் சரக்கும் அதோடு நின்றது. இவ்வளவு பெரிய ஆலை உற்பத்தியை நிறுத்திக் காத்திருக்கலாம். ஒற்றை வண்டிக்காரரின் டியூ தேதி ஐந்து நாள் காத்திருக்காது. 2020 ஊரடங்கில் ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது; அந்த மாதங்களின் வட்டி தள்ளுபடி ஆகவில்லை, கடனில் ஏறி உட்கார்ந்தது.

"சங்ககிரியும் நாமக்கல்லும் எப்படி வளர்ந்தன? அங்கே ஓனர்களில் பாதிப் பேர் கிளீனராக ஆரம்பித்தவர்கள்தானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த ஊர்களின் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அவர்கள் எந்தக் காலத்தில், எந்தத் துணையோடு வண்டி போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்துக்கு முன் பெர்மிட் கிடைப்பதே பாடு. கிடைத்தவருக்குப் போட்டி குறைவு, பெர்மிட்டே ஒரு சொத்து. அந்தச் சட்டம் சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டைத் தாராளமாக்கியது. இன்று கடன் கிடைக்கும் யாரும் லாரி போடலாம். மேலும் அங்கே பலர் கூட்டுச் சேர்ந்து வண்டி போட்டார்கள். அண்ணன் ஓட்ட, தம்பி கணக்குப் பார்க்க, உறவுக்குள்ளேயே புக்கிங் ஆபீஸ் இருந்தது. அந்த ஏற்பாடு எதுவும் இல்லாத ஒரு டிரைவரிடம் அவர்களின் வெற்றியை மட்டும் எடுத்துக் காட்டுவது ஏமாற்று.

"கம்பெனி நம்பித்தானே கடன் கொடுக்குது?" என்பது அடுத்த வாதம். 1954இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸும் 1974இல் தொடங்கிய ஸ்ரீராமும் சென்னையிலிருந்து லாரிக் கடனை ஒரு பெரிய தொழிலாக வளர்த்தன. வங்கிப் படி ஏற முடியாத டிரைவர்களுக்கும் அதனால் வழி பிறந்தது, மறுக்கவில்லை. ஆனால் கடன் கொடுப்பவர் எவரும் முதலில் பார்ப்பது, டியூ நின்றால் வண்டியை சீஸ் செய்து விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதை. கடன் பாஸ் ஆனால் அவருக்கு நஷ்டமில்லை என்று அர்த்தம். உங்களுக்கு லாபம் வருமா என்று அவர் கணக்குப் போடவில்லை, போட வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

இது நம் ஊரோடு நிற்கும் நோயும் அல்ல. அமெரிக்காவில் டிரைவர்களிடம் "நீயே ஓனர்" என்று சொல்லி, லாரியைத் தவணைக் குத்தகைக்குக் கட்டிவிடும் முறை பல காலமாக உண்டு. அதை ஆராய அந்நாட்டு அரசு அமைத்த குழு, 2025 ஜனவரியில் அந்த முறையையே தடை செய்யப் பரிந்துரைத்தது. அங்கும் வண்டியைக் கட்டிவிட்டவரே லோடையும் கையில் வைத்திருந்தார். டிரைவர் சம்பாதித்தது தவணைக்கே போனது.

அப்படியானால் எப்போதுதான் வண்டி எடுப்பது? உங்கள் பெயரில் பில் போட்டு நேரடியாக லோடு கொடுக்கும் பார்ட்டி குறைந்தது இரண்டு பேராவது இருக்கும்போது. முன்பணம் கட்டியது போக, ஆறு மாத டியூ தனியாக வங்கியில் கிடக்கும்போது. இப்போது ஓட்டும் வண்டிக்கே ஒரு வருஷம் டீசல், டோல், டயர், வேலை, நின்ற நாள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, கிலோமீட்டருக்கு என்ன செலவு என்று வாய்ப்பாடு போலச் சொல்லத் தெரியும்போது. அந்தக் கணக்கையும் கிருஷ்ணகிரி மாம்பழ சீசனில், வண்டிக்குத் தட்டுப்பாடு வந்து வாடகை ஏறும் நாளில் போடக் கூடாது. சீசன் ஓய்ந்து, ஆலையும் ஷிப்ட் குறைத்த மாதத்தில் போட வேண்டும். அந்த மாதத்திலும் டியூ கட்டி, வீட்டுக்கு ஒரு சம்பளமும் எடுக்க முடிகிறது என்றால் தயங்காமல் எடுங்கள். முடியவில்லை என்றால் இன்னும் நேரம் வரவில்லை.

அதுவரை டிரைவராக இருப்பதில் எந்தக் குறைவும் இல்லை. சொந்த வண்டிதான் உயர்வு என்ற நம்பிக்கை இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குக் காரணமே டிரைவர் வேலையை நாம் வைத்திருக்கும் நிலைதான். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று எழுதியது 1961இல். பி.எஃப். இல்லாமல், தூக்கம் இல்லாமல், படிக்காசை நம்பி ஓட்டுபவர்கள் இன்றும் ஏராளம். அவர்களுக்குச் சேர வேண்டியது நியாயமான சம்பளமும் ஓய்வும். அதைக் கொடுக்காமல் கடன் பத்திரத்தை நீட்டி 'முதலாளி ஆகு' என்பது அநியாயம். அந்தச் சம்பளத்தைக் கேட்டு நிற்பது, லோடு இல்லாத லாரிக்குக் கையெழுத்துப் போடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். இனி யாராவது "சொந்த வண்டி போடு" என்றால், "லோடு யார் கொடுப்பார், பில் யார் பெயரில்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லாதவர் பேச்சை நம்பி ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.