பாதிப் பரிசு

சென்ற ஞாயிறு ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறி சாப்பிடப் போயிருந்தேன். கூட்டம் அதிகம். ஓர் அம்மாவும் மகனும் இருந்த மேசையில்தான் இடம் கிடைத்தது. பையன் மடியில் அட்டைப்பெட்டி. உள்ளே இறக்கை ஒடிந்த சின்ன விமானம்.

“போட்டிக்குச் செஞ்சான். பரிசு இல்ல. மூணு வாரம் வீணாப் போச்சு” என்று அம்மா அலுத்துக்கொண்டார். பையன் பெட்டியை மூடிவிட்டான்.

“தம்பி, ஒரு கதை சொல்லட்டுமா?” என்றேன். வானொலிக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா?

1907இல் லண்டனில் ‘டெய்லி மெயில்’ நாளிதழ் மாதிரி விமானங்களுக்கு ஒரு போட்டி வைத்தது. ரைட் சகோதரர்கள் பறந்து நான்கு ஆண்டுகூட ஆகாத காலம். அதில் முதலில் வந்தவர் ஏ.வி. ரோ. கப்பலில் பொறியாளராக வேலை பார்த்தபோது, சிறகடிக்காமலே மிதக்கும் ஆல்பட்ராஸ் பறவைகளைப் பார்த்துப் பார்த்து விமானப் பைத்தியம் பிடித்தவர். அவருடைய மாதிரி ரப்பர் முறுக்கில் பறந்தது.

முதல் பரிசு 150 பவுண்டு என்று அறிவித்திருந்தார்கள். நடுவர்களோ, அந்தப் பரிசுக்குத் தகுதியான விமானம் எதுவும் இல்லை என்று சொல்லி, ரோவுக்குப் பாதிதான் கொடுத்தார்கள். 75 பவுண்டு.

“கோபம் வரலையாக்கா அவருக்கு?” என்று கேட்டான் பையன்.

வந்திருக்கும். ஆனால் அந்தக் காசைப் போட்டு, அண்ணன் வீட்டுக் குதிரை லாயத்தில் ஆள் ஏறும் விமானம் கட்ட ஆரம்பித்தார். அடுத்ததாகக் கட்டிய மூன்றடுக்கு இறக்கை விமானத்துக்குத் துணி வாங்க வசதியில்லை, காகிதம் போர்த்தினார். எஞ்சின் வெறும் 9 குதிரைத்திறன். 1909 ஜூலையில் அது பறந்தது. முழுக்க பிரிட்டனிலேயே செய்த விமானத்தில் பறந்த முதல் பிரிட்டிஷ்காரர் அவர்தான். அடுத்த ஆண்டு தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ஆவ்ரோ. அந்நாளில் இந்தியன் ஏர்லைன்சில் பறந்த உங்கள் தாத்தா பாட்டிக்கு ‘ஆவ்ரோ’ விமானம் நினைவிருக்கலாம். கான்பூரில் தயாரானது, பெயர் மட்டும் இவருடையது.

“இன்னொன்னு தெரியுமா தம்பி? சிங்கப்பூர்ல முதல் விமானம் பறந்ததே இந்தப் பக்கத்துலதான்.” 1911 மார்ச் 16. ஃபேரர் பார்க்கில் அப்போது குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. இந்தச் சாலையின் பெயரே அதனால் வந்ததுதான். அங்கிருந்து ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர் பறந்து காட்டினார்.

பையன் சன்னல் வழியே வானத்தைப் பார்த்தான்.

நம் ஊரிலும் 2009 முதல் டிஎஸ்ஓ ஆய்வுக்கூடமும் அறிவியல் நிலையமும் சேர்ந்து மாணவர்களுக்குப் பறக்கும் இயந்திரப் போட்டி நடத்துகின்றன. எந்தப் போட்டியிலும் பரிசு சிலருக்குத்தான். வெறுங்கையோடு வரும் பிள்ளையிடம், “என்ன கிடைத்தது?” என்று கேட்பதைவிட, “எப்படிச் செய்தாய்?” என்று கேட்டால் பேச்சு நீளும்.

பில் வந்தது. அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார். “இந்த இறக்கைய எதை வச்சுடா ஒட்டுவ?”

பையன் விளக்க ஆரம்பித்தான். நான் மெல்ல எழுந்து வந்துவிட்டேன்.