கூடத்தில் ஒரு சமுத்திரம்

குழந்தைகள் நாய்க்குட்டி கேட்ட காலம் உண்டு. கிளி கேட்ட காலமும் உண்டு. இப்போது சில வீடுகளில் சமுத்திரத்தையே கேட்கிறார்கள்! 2003-ம் வருஷம் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தைப் பார்த்துப் பரவசப்பட்ட குழந்தைகள் இன்று தாங்களே அப்பா, அம்மா ஆகிவிட்டார்கள். ஆகவே வீட்டில் இந்த ஆசைக்கு இரண்டு ஓட்டு, மூன்று ஓட்டு விழுகிறது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தக் கோமாளி மீன் கூடத்தில் நீந்த வேண்டும். அதற்குப் பின்னால் பவளப் பாறை பூத்து நிற்க வேண்டும். மேலே நீல விளக்கு எரிய வேண்டும். கடைக்காரர் தொட்டியைக் காட்டி விலை சொல்கிறார். வீட்டுக்காரர் மனக்கணக்குப் போடுகிறார். அந்த நிமிஷத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, சகோதரிகளே! இந்தக் கடலுக்குப் பணிவிடை செய்யப் போவது யார்?

கேள்வி பழையது. அன்னா தின் என்ற சீமாட்டி 1846-ம் வருஷம் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்க்கி என்ற ஊருக்குப் போயிருந்தார். அங்கே பாறைகளில் ஒட்டியிருந்த சிறு கல் பவளங்கள் அவர் மனத்தைக் கவர்ந்தன. லண்டனுக்கு எடுத்துப் போக வேண்டும்; வழியில் உருண்டு உடையக் கூடாது. அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? ஊசி நூல் எடுத்து, பவளங்களை ஒரு பெரிய கடற்பஞ்சோடு சேர்த்துத் தைத்து, கடல் நீர் நிரம்பிய கல் ஜாடியில் இறக்கிவிட்டார்! எந்தப் பேராசிரியருக்கு இந்த யோசனை தோன்றியிருக்கும்?

லண்டனில் கடலுக்கு எங்கே போவது? கொண்டு வந்த தண்ணீரைக் கெடாமல் காப்பாற்றியாக வேண்டும். அதில் காற்றுக் கலந்துகொண்டே இருந்தால் பிராணிகள் பிழைக்கும் என்று கண்டுகொண்டார் சீமாட்டி. வேலைக்காரியைத் திறந்த ஜன்னல் அருகில் நிறுத்தி, அந்தத் தண்ணீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றச் சொன்னார். நாம் காப்பி ஆற்றுகிறோமே, அதே மாதிரி. ஒரு டம்ளர் காப்பி அல்ல. தினம் அரை மணி, முக்கால் மணி நேரம்! பவளங்கள் பிழைத்தன, பெருகவும் செய்தன. அதைப் பற்றி அன்னா தின் எழுதியது 1859-ல் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. பெயர் எஜமானிக்கு, கை வலி வேலைக்காரிக்கு.

இன்றைக்கு அந்த வேலைக்காரியின் இடத்தில் மோட்டார்கள் வந்துவிட்டன. ஒன்று தண்ணீரை அலை போல் அசைத்துக்கொண்டிருக்கும். 'ஸ்கிம்மர்' என்று இன்னொன்று உண்டு. வெல்லப் பாகு காய்ச்சும்போது அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வருமல்லவா? இந்த யந்திரம் காற்றுக் குமிழிகளைச் செலுத்தி, தண்ணீரிலுள்ள கசடை அப்படி நுரைக்க வைத்து ஒரு கிண்ணத்தில் ஒதுக்கும். அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கழுவும் யந்திரத்தை மட்டும் யாரும் கண்டுபிடிக்கவில்லை! வீட்டில் பொதுவாக அதற்கு யார் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, அப்படியும் வைக்கத்தான் போகிறீர்கள் என்றால், விஷயத்தைக் கேளுங்கள். கடல் தொட்டியில் நாம் வளர்ப்பது மீனை அல்ல, தண்ணீரை. தண்ணீர் நன்றாயிருந்தால் மீன் தானே நன்றாயிருக்கும்.

சின்னத் தொட்டி வாங்கினால் சிரமம் குறையும் என்று நினைப்பது தவறு. கொஞ்சம் தண்ணீரில் உப்பும் சூடும் சட்டென்று ஏறி இறங்கும். நிறையத் தண்ணீர் நிதானமாக மாறும். ஆகவே ஆரம்பக்காரர்களுக்கு 200 லிட்டர் தொட்டி சௌகரியம். ஆனால் 200 லிட்டர் என்றால் 200 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை எட்டை ஓரிடத்தில் அடுக்கின மாதிரி. அதற்கு மேல் கண்ணாடியும் கல்லும். மாடி வீட்டில் சுவர் ஓரமாக, உறுதியான பலகை மீது வைக்க வேண்டும். ஷோகேஸ் மேல் வைக்கும் சாமான் அல்ல.

தண்ணீருக்கு என்ன செய்வது? "மெரீனா பக்கத்தில்தானே இருக்கிறது, இரண்டு குடம் மொண்டு வந்தால் போகிறது!" என்று வீட்டில் யாராவது புத்திசாலி சொல்லுவார். நகரத்துச் சாக்கடை கலக்கும் கரையோரத் தண்ணீர் உதவாது. சமையல் உப்பும் உதவாது. உப்பளத்தில் கடல் நீர் வற்றும்போது சாப்பாட்டு உப்பைத் திரட்டிக்கொண்டு, மக்னீஷியம் முதலிய மற்றச் சத்துக்கள் மிகுந்த கசப்பு நீரை ஒதுக்கிவிடுகிறார்கள். மீனுக்கும் பவளத்துக்கும் அந்தச் சத்துக்கள் எல்லாம் வேண்டும். 1930-ல் வேதாரண்யம் உப்பு சர்க்காரையே ஆட்டி வைத்தது உண்மைதான். ஆனாலும் தொட்டிக்கு ஆகாது! இதற்கென்றே பாக்கெட்டில் விற்கும் கடல் உப்புக் கலவையை வாங்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 200 லிட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஆகையால் ஆர்.ஓ. தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, ஒரு நாள் முழுக்கக் கலக்க விட்டு, அடர்த்தி 1.025 இருக்கிறதா என்று கருவியில் பார்த்துப் பிறகே தொட்டியில் ஊற்றலாம்.

பிளாஸ்டிக் டிரம் என்று சொன்னதில் காரியம் இருக்கிறது. பரணில் சும்மா கிடக்கிறதே என்று செப்புக் குடத்தையோ பித்தளை அண்டாவையோ இறக்கிவிடாதீர்கள். செம்பு நமக்கு நல்லதாக இருக்கலாம்; இறாலுக்கும் பவளத்துக்கும் அது விஷம். மிகக் கொஞ்சம் கரைந்தாலும் போதும்.

ஒரு நுணுக்கம். தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் வற்றும். அடுப்பில் ரஸம் வற்றினால் உப்பு ஏறிவிடுகிறது. வெறும் தண்ணீர் விட்டு விளாவுகிறோம் அல்லவா? அதே சங்கதி. உப்பு ஆவியாகிப் போவதில்லை. ஆகையால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் விட வேண்டும். தினந்தோறும். ஊருக்குப் போனாலும்! இது தவிர, வாரத்துக்கு ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ பத்தில் ஒரு பங்கு பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புது உப்புத் தண்ணீர் மாற்ற வேண்டும்.

இனிமேல்தான் பொறுமைக்குச் சோதனை. தண்ணீர் நிரப்பிய அன்றே மீனை விட்டால் அது சில நாளில் செத்துப் போகும். மீன் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைக் கிருமிகள் அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும்; அது அவ்வளவு கெடுதல் இல்லை. பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயக் காத்திருக்கிறோம்; இங்கேயும் அந்தக் கிருமிகள் கல்லிலும் மணலிலும் குடியேறக் காத்திருக்க வேண்டும். ஓர் இரவு அல்ல, நான்கு முதல் ஆறு வாரம்! தண்ணீரைச் சோதிக்கச் சொட்டு மருந்துப் பெட்டி விற்கிறார்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் தயிர் தோய்ந்தது என்று அர்த்தம். அதுவரைக்கும் கூடத்தில் இருப்பது கல்லும் தண்ணீரும் மட்டும். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் "மீன் எங்கே?" என்பார்கள். அவர்களைச் சமாளிப்பதுதான் மிகவும் கஷ்டம்.

நம் ஊர் வெயில் இன்னொரு கண்டம். தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரி வரை இருந்தால் உத்தமம். சித்திரை, வைகாசியில் சென்னைக் கூடத்தில் வைத்த தண்ணீர் 30 டிகிரியை அனாயாசமாகத் தாண்டும். மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பி வைத்தால் கொஞ்சம் தணியும்; கூடவே தண்ணீரும் வேகமாக வற்றும். நிச்சயமான வழி 'சில்லர்' என்ற குளிர்யந்திரம். பல சமயங்களில் அதன் விலை தொட்டியின் விலையை மிஞ்சும். மின்சாரக் கட்டணம் தனி. கரண்டு போனால் மீன் மூச்சுத் திணறும். பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம் கைவசம் இருக்கட்டும். கொசு மருந்து விஷயத்திலும் ஜாக்கிரதை. நாம் கொளுத்தும் சுருளிலும் செருகும் புட்டியிலும் இருக்கும் மருந்து மீன் இனத்துக்குக் கொடிது. காற்றுப் பம்பு அறையிலிருக்கும் காற்றைத்தானே இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது? தொட்டி இருக்கும் அறையில் கொசு வலைதான் கதி.

பவளம் எங்கே என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்காவிட்டாலும் குழந்தை கேட்கும்.

பவளம் செடியும் அல்ல, கல்லும் அல்ல. ஆயிரக்கணக்கான குட்டிப் பிராணிகள் சேர்ந்து கட்டிய குடித்தனம். அவற்றின் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைத்துக் கொடுக்கிறது. வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் ஓரிரு டிகிரி ஏறிச் சில வாரம் நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும், வெளுத்துப் போகும். சூடு தணியாவிட்டால் சாகும். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பாறைகள் 2010-லும் 2016-லும் இப்படி வெளுத்தன. அதற்கு முன்பே மனிதர்கள் அவற்றைச் சும்மா விட்டுவைக்கவில்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல காலம் பவளக் கல்லை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே முழுகிவிட்டன. அந்தப் பகுதி 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-ல் பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன காவலோ, பவளத்துக்கும் அதே காவல்! கடற்குதிரைக்கும் சட்டத்தின் காவல் உண்டு. கிளியைக் கூண்டில் அடைப்பதே குற்றமாக இருக்கும் நாட்டில் இது ஆச்சரியமில்லை. முதல் அட்டவணைப் பிராணிகள் விஷயத்தில் குற்றத்துக்கு மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை என்கிறது சட்டம். "வெளிநாட்டுச் சரக்கம்மா, பயமில்லை" என்று கடைக்காரர் கிசுகிசுத்தால், கிசுகிசுப்பானேன் என்று யோசியுங்கள். உயிருள்ள பவளப் பாறைத் துண்டு என்று விற்பதையும் தொடாதீர்கள்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. அன்னா தின்னுக்குப் பின்னால் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். பிலிப் கோஸ் என்ற இயற்கை விஞ்ஞானி 1854-ல் 'அக்வேரியம்' என்றே பெயரிட்டு ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி மோகம் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் கூடையும் உளியுமாக டெவன் கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். பாறைக் குட்டைகள் சூறையாடப்பட்டன. கோஸின் மகன் எட்மண்ட் 1907-ல் எழுதிய புத்தகத்தில், தகப்பனார் கண்டு மகிழ்ந்த அந்தக் குட்டைகள் வெறிச்சோடிப் போனதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அத்தனை பேரும் நல்லவர்கள்தான். கடலை நேசித்தவர்கள்தான்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: பவளம் மன்னார் வளைகுடாவிலேயே இருக்கட்டும். பீங்கானிலும் சிமெண்டிலும் செய்த துளைக் கற்கள் கிடைக்கின்றன. அவற்றைக் குகையும் மேடுமாக அடுக்கினால், சில மாதங்களில் பாசி படிந்து பழைய பாறையாகவே ஆகிவிடும். அதில் ஒரு ஜோடிக் கோமாளி மீன் போதும். கடலில் வலை போட்டுப் பிடித்த மீன் வேண்டாம். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கும் வித்தையைக் கைவரச் செய்திருக்கிறார்கள். பண்ணைக் குஞ்சு தொட்டி வாழ்க்கைக்குப் பழகினது. கொடுத்த தீனியைத் தின்னும். "பண்ணையில் பிறந்ததா?" என்று கேட்டு வாங்குங்கள். லட்சத்தீவைச் சேர்ந்த அகத்தித் தீவில் பெண்களுக்கே அழகு இறால் வளர்க்கப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வளர்த்த இறால் நம் கூடத்துக்கு வந்தால் நல்லதுதானே?

தீனி, தினம் இரண்டு வேளை, விரல் நுனியளவு. இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் போட்டால் மீதி அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். பாட்டிமார்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கு யாரையும் அரை வயிற்றோடு பார்க்கத் தாங்காது.

ஜோடியை எப்படிப் பொறுக்குவது? ஆண் எது, பெண் எது என்று கடைக்காரரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகத்தான் வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிக் குடும்பத் தலைவி ஆகிவிடும். அவள் இறந்தால் அடுத்து நிற்கும் கணவன் பெண்ணாக மாறிப் பதவி ஏற்பான்! (படத்தில் நீமோவின் தாயார் போன பிறகு தகப்பனார் தகப்பனாராகவே இருப்பது சினிமா.) ஆகவே ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு குஞ்சுகளை வாங்குங்கள்; மீதியை அவை பார்த்துக்கொள்ளும். குடித்தனம் ஒத்துப்போனால் பிற்பாடு ஒரு நாள் கல்லின் மேல் ஆரஞ்சு நிற முட்டைகள் ஒட்டியிருக்கும். பொரிக்க ஒரு வாரத்துக்குச் சற்று மேலாகும். அந்த நாட்களில் முட்டைகளைத் துடுப்பால் விசிறுவது, வாயால் சுத்தம் செய்வது, எட்டிப் பார்க்கும் இறாலை விரட்டுவது, பெரும்பாலும் எல்லாம் தகப்பன் வேலை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஒரு நாற்காலியும் போட்டு, தொட்டிக்கு எதிரே உட்கார வையுங்கள். ஸ்கிம்மர் கிண்ணத்தைப் பிற்பாடு கையில் கொடுக்கலாம்.