வலக்கை ஏன் மறுக்கிறது?



சோற்றுப் பீங்கானை முன்னால் வைத்ததும் பிள்ளை இடக்கையை நீட்டினால் நாம் என்ன செய்கிறோம்? "வலக்கையால சாப்பிடு மகன்" என்கிறோம். மறுபடியும் நீட்டினால் கையைத் தட்டி விடுகிறோம். வலக்கையால் உண்பது நம் ஒழுக்கம். அதைப் பழக்குவது உம்மாமாரின் பொறுப்பு. ஆனால், பெருமூளை வாதத்தால் வலப்பக்கம் பலவீனப்பட்ட பிள்ளையாக இருந்தால், கையைத் தட்டுமுன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அந்தக் கைக்குச் சோறு தெரிகிறதா?

பெருமூளை வாதம், அதாவது செரிபிரல் பால்சி, கருவிலோ பிரசவ நேரத்திலோ பிறந்த பின் சிறு வயதிலோ மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் வருவது. அது தொற்றாது. கண்ணூறாலோ தாய் செய்த குற்றத்தாலோ வருவதுமில்லை. மடங்கிய மணிக்கட்டும் மூடிய விரல்களும் எல்லோர் கண்ணிலும் படும். கைக்குள் இருக்கும் உணர்வுக் குறையோ யார் கண்ணிலும் படாது. கையை அசைக்கச் சொல்லும் மூளைப் பகுதியும், கை தொட்டதை அறியும் பகுதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று பாதிக்கப்படும்போது மற்றதும் பாதிக்கப்படலாம்.

இது புதிதாகக் கண்டறியப்பட்டதல்ல. டிசார்ட், பெயின், குரோதர்ஸ் என்ற மூன்று வைத்தியர்கள், ஒருபக்கம் பலவீனப்பட்ட பிள்ளைகளின் கைகளைச் சோதித்து, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உணர்விலும் குறை உண்டு என்று 1954ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். 2007இல் வெளியான பெருமூளை வாதத்தின் வரைவிலக்கணமும் உணர்வுக் குறை அடிக்கடி கூடவே வரும் என்று சொல்கிறது. அப்படியிருந்தும் பல பிள்ளைகளின் கை ஒரு நாளும் சோதிக்கப்படுவதில்லை.

"ஊசி போட்டால் கத்துகிறானே, பிறகு எப்படி உணர்வில்லை என்பது?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வலியை அறிவது வேறு, கைக்குள் இருப்பது இன்னதென்று அறிவது வேறு. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு முதலாவது இருக்கும், இரண்டாவது குறைந்திருக்கும். நாம் இருட்டில் பைக்குள் கையை விட்டு, காசு எது, திறப்பு எது என்று பார்க்காமலே எடுக்கிறோம் அல்லவா? அந்த அறிவுதான் அவர்களுக்குக் குறைகிறது. ஊசியால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

செட்டிகுளத்திலும் சூடுவெந்தபுலவிலும் இருக்கும் ஒரு தாய்க்கு வவுனியா வைத்தியசாலைக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் போய்விடும். அதற்கு முன் வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு ஐந்து வயதளவில் ஆகியிருந்தால் நல்லது. அதைவிடச் சிறிய பிள்ளையின் பதிலை நம்ப முடியாது. அவர்கள் விளையாடும்போது கையைக் கவனித்தாலே போதும்.

ஒரு திறப்பு, ஒரு கரண்டி, ஒரு காசு, ஒரு தெறி, ஒரு சிறு பந்து. இவற்றில் இரண்டிரண்டு எடுங்கள். ஒரு தொகுதியைப் பிள்ளையின் முன்னால் பரப்புங்கள். மற்றதை மறைவாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைக் கட்ட வேண்டாம், பிள்ளை பயப்படும். கைக்கு மேலே ஒரு துணியைப் போர்த்தினால் போதும். முதலில் நல்ல கையில் ஒவ்வொன்றாக வையுங்கள். விளையாட்டு இன்னதென்று பிள்ளைக்கு விளங்கும், ஒப்பிடவும் அது உதவும். அதன்பின் பலவீனமான கையில் வையுங்கள். பேச முடியாத பிள்ளை, முன்னால் இருப்பதில் ஒன்றை நல்ல கையால் தொட்டோ கண்ணால் நோக்கியோ பதில் சொல்லலாம்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. விரலை அசைக்க முடியாததால் பொருளை உருட்டிப் பார்க்க இயலாத பிள்ளையை, உணர்வில்லாத பிள்ளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விரல்களை மெல்ல விரித்து, நீங்களே பொருளை உள்ளங்கையில் உருட்டிக் காட்டுங்கள். சரியாகச் சொன்னாலும் ஒரு தடவையோடு விடாதீர்கள். குருட்டாம்போக்கிலும் சரியாக வரும். ஒவ்வொன்றையும் மூன்று நான்கு முறை மாற்றி மாற்றிப் பாருங்கள். பிழைவிட்டால் சிரிக்கவோ ஏசவோ வேண்டாம். வாயில் போடும் பழக்கமுள்ள பிள்ளைக்குக் காசும் தெறியும் வேண்டாம்.

கண்டதை எழுதிக்கொண்டு போய் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். செட்டிகுளம் ஆதார வைத்தியசாலையிலோ வவுனியாவிலோ வைத்தியரிடம், "கையின் உணர்வையும் பாருங்கள்" என்று வாய் திறந்து கேளுங்கள். பயிற்சி பெற்றவர்கள் பஞ்சால் வருடி எந்த விரல் என்று கேட்பார்கள். குறித்த அழுத்தத்தில் வளையும் நைலோன் இழைகளால் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டு முனைகளை ஒரே நேரத்தில் விரல் நுனியில் வைத்து ஒன்றா இரண்டா என்பார்கள். நல்ல விரல் நுனி, சில மில்லிமீற்றர் இடைவெளியிலேயே இரண்டென்று சொல்லிவிடும்.

தெரிந்துகொண்டு என்ன பயன் என்கிறீர்களா? உணராத கையைப் பிள்ளை மறந்துவிடும். பயன்படுத்தாத கை மேலும் பின்தங்கும். அதைப் பார்த்து நாம் "சோம்பேறி" என்போம். காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். அரிசிக்குள் பந்தை ஒளித்துத் தேடச் சொல்லலாம். ரொட்டிக்கு மா பிசையும்போது இரண்டு கையையும் மாவில் வைக்கலாம். கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யப் பழக்கலாம். சூடான கோப்பையையும் அடுப்பையும் அந்தக் கைக்கு எட்டாமல் வைக்கலாம். இவற்றால் கை முழுதாக மாறிவிடும் என்று யாரும் வாக்குத் தர முடியாது. ஆனால் பிள்ளை தன் கையைத் தனது என்று அறியத் தொடங்கும்.

சில பிள்ளைகளுக்கு இதற்கு மாறாக உணர்வு மிகுந்திருக்கும். தலைமயிர் வெட்டவும் மணலில் கால் வைக்கவும் அலறுவார்கள். அதுவும் அடமல்ல. வற்புறுத்தாமல் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்துக்கு வருவோம். தக்க காரணம் உள்ளவர் இடக்கையால் உண்பதில் குற்றமில்லை என்றே நம் மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். உம்மம்மா ஏசினாலும் அயலார் முகம் சுழித்தாலும் அதை அவர்களிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளை பசியாறட்டும். வலக்கைக்கான பயிற்சியை வேறொரு நேரத்தில், விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.