கவிழ்த்துப் பாருங்கள்

கைவினைக் கண்காட்சிக்கு மரக்கிண்ணம் வாங்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள், அத்தோடு சரி. எனக்கு வேறு பழக்கம். எடுத்ததும் கவிழ்த்துவிடுவேன். விலைச்சீட்டைத் தேடுகிறேன் என்று விற்கிறவர் நினைத்துக்கொள்வார்.

அடியில் அரக்கு ஏற்றாமல் விட்டிருந்தால் கிண்ணத்தின் ஜாதகம் அங்கே தெரியும். ரேகைகள் நடுப்புள்ளியைச் சுற்றி வட்டமாக இருந்தால் கிளையை அப்படியே நறுக்கிக் கடைந்தது. குறுக்கே ஓடினால் பிளந்த கட்டையிலோ பலகையிலோ எடுத்தது. இதை வைத்தே உளி போகும் திசை மாறும். பலகைக் கிண்ணத்தின் உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவுக்குக் கடைய வேண்டும். கிளைக் கிண்ணத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு. மாற்றிப் போனால் நார் பிய்ந்து சொரசொரக்கும். எத்தனை உப்புத்தாள் தேய்த்தாலும் அந்தக் காயம் முழுசாக மறையாது.

ஈரம் இன்னொரு தொல்லை. மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பச்சை மரத்தில் வட்டமாகக் கடைந்த பலகைக் கிண்ணம் காய்ந்தபின் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். அதனால் பொறுமைசாலிகள் முதலில் தடிமனாகக் கடைந்து, மாதக்கணக்கில் காயவைத்து, மறுபடி லேத்தில் ஏற்றுவார்கள். அவசரக்காரர்களின் கிண்ணம் மேசையில் ஆடும்.

ஆந்திராவில் வராக நதிக்கரையில் இருக்கும் ஏட்டிகொப்பாக்காவில் கடைவது 'அங்குடு' மரத்தை. நம் ஊர் வெட்பாலைதான் அது. இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு, தோல் நோய்க்குத் தைலம் எடுப்போமே, அதே மரம். மென்மையான, வெளுத்த, நெருக்கமான நாருள்ள கட்டை. உளிக்கு முரண்டு பிடிக்காது, நிறத்தையும் கெடுக்காது.

அங்கே தூரிகைக்கு வேலையில்லை. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகிப் படிகிறது. பிறகு காய்ந்த தாழை மடலை வைத்து அழுத்தினால் பளபளப்பு. கடைந்த சுழற்சியே வண்ணமும் பூசி மெருகும் ஏற்றிவிடுகிறது. வார்னிஷ் அடித்த கிண்ணத்தை நான் விரும்பாததற்கு இதுதான் காரணம். மஞ்சள், அவுரி போன்றவற்றிலிருந்து எடுக்கும் சாயங்களை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் அவ்வூர் சி.வி. ராஜுவுக்குப் பெரும்பங்கு உண்டு. ஊரின் பொம்மைகளுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவருக்கு 2023இல் பத்மஸ்ரீ.

"இதில் பாயசம் குடிக்கலாமா?" என்று பக்கத்தில் நின்ற அம்மா ஒருமுறை கேட்டார். கூடாது. சூட்டில் படிந்த அரக்கு சூட்டில் இளகத்தான் செய்யும். ஏலக்காய் போடலாம், சில்லறை போடலாம், சும்மாவும் வைக்கலாம். அழகுக்கென்று ஒரு பொருள் வீட்டில் இருப்பதற்கு ஏன் இத்தனை காரணம் கேட்கிறோம் என்று தெரியவில்லை.

கவிழ்த்துப் பார்த்தாயிற்றா? இனி நிமிர்த்தி, கட்டைவிரலை உள்ளேயும் ஆள்காட்டி விரலை வெளியேயும் வைத்து விளிம்பிலிருந்து அடிவரை ஓட்டுங்கள். சுவரின் கனம் நடுவில் திடீரென்று கூடினால், உட்குடைவில் கை பயந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே சீராக இறங்கினால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.